மௌன வசந்தம் எழுதிய மாதரசி

சென்ற பெருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் நண்பகல். எங்கள் இளைய மருமகன் வேலைத்தலத்திலிருந்து வீடு திரும்பினார். அவர் செய்யும் தொழில் எங்கள் பகுதிக்குப் புதிது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடற்கரையோரமாக எழுந்துள்ள கல்யாண மண்டபங்கள், விடுதிகள், வசதியுள்ளோர் இல்லங்கள் ஆகியவற்றின் வளவுகளில் புல்தரை பதித்து, பூஞ்செடிகள் நட்டு, மாதந்தோறும் அவற்றைப் பராமரித்துக் கொடுப்பது. வயலும் வலையும் தறியும் கடையுமே தொழிலென்று வாழ்ந்த நாங்கள், புல்லை வளர்ப்பதற்கும் கூலி உண்டு என்பதை இவர் மூலந்தான் அறிந்தோம்.

அன்று அவர் முதுகிற் சுமந்து சென்ற தெளிகருவியின் மூடி சரியாக இறுகாமற் போயிருந்தது. சட்டையின் பின்புறம் இடுப்பு வரை நனைந்து, ஒருவகைக் காரநெடி வீசியது. அதைக் களையாமலே அவர் திண்ணையில் அமர்ந்து, ஓடிவந்த என் மூன்று வயதுப் பேத்தியைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்டார். நான் என்னையறியாமல் குரலை உயர்த்திவிட்டேன். புல்லுக்கு அடிக்கும் மருந்து மனிதரை என்ன செய்துவிடும் மாமா என்னும் பாவனையில் அவர் சிரித்தார். குழந்தை அழுதது. மகள் என்மீது கோபித்துக்கொண்டாள். வீட்டு மருமகனிடம் மாமனார் உரத்துப் பேசுவது எங்கள் ஊரில் சின்ன விஷயமன்று.

அவர்மேற் குற்றமில்லை. அவருடைய வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். 1970களின் நடுப்பகுதியில், சம்மாந்துறைக்கு அப்பாலுள்ள வட்டையொன்றில் வாப்பாவின் வயலுக்கு நான் எண்ணெயடித்தேன். எங்கள் பகுதியில் பூச்சிநாசினி தெளிப்பதற்கு அதுதான் பெயர். எண்ணெய் என்று சொல்லிச் சொல்லியே அதன் பயம் எங்களுக்கு அற்றுப்போயிற்று என்று இப்போது எண்ணுகிறேன். கடையொன்றில் சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார்கள். பெயர்ச்சீட்டு இல்லை, அளவு சொல்வாருமில்லை. வெறுங்காலுடன், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிராக நடந்து, அரை ஏக்கரை முடித்தேன். அசர் நேரத்தில் வாயில் உமிழ்நீர் பெருகிற்று; கண்மணி சுருங்கிப் பார்வை மங்கிற்று; கைகால் நடுங்கின. வாப்பாவும் சாச்சாவும் என்னை மாட்டுவண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அத்திரோபின் ஊசிமருந்தின் புண்ணியத்தில் நான்காம் நாள் வீடு வந்தேன். எனக்கு நேர்ந்தது என்னவென்று விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. விளங்க வைத்தது ஒரு புத்தகம். அதை எழுதிய பெண்மணியின் கதையைத்தான் அன்றிரவு சோறுண்ட பின்னர் மருமகனுக்குச் சொன்னேன். அதையே இங்கும் சொல்ல விழைகின்றேன்.

றேச்சல் கார்சன் அம்மையார் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகேனி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிறிங்டேல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தைக்குச் செல்வமில்லை. தாயார் மரியா கல்வியறிவுடையவர். மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு காடும் கரையும் சுற்றி, இன்ன பறவை இன்ன பூச்சி என்று காட்டிக் கொடுத்தவர். பதினொரு வயதில் அச்சிறுமியின் கதையொன்று சிறுவர் சஞ்சிகையில் வெளியாயிற்று. எழுத்தாளராவதே இலட்சியம் என்று கல்லூரி புகுந்தார். அங்கே மேரி ஸ்கின்கர் என்ற ஆசிரியையிடம் உயிரியல் கற்கப் போய், அதிலே மனம் பறிகொடுத்துப் பாடத்தை மாற்றிக்கொண்டார். எழுத்தைக் கைவிட்டுவிட்டோமே என்று அப்போது வருந்தினாராம். எழுதுவதற்குரிய பொருள் அன்றுதான் கிடைத்தது என்பது பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது.

கடலோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். கடலைப்பற்றி உலகமே வியக்க எழுதப்போகும் இவ்வம்மையார் கடலை முதன்முதல் கண்ணாற் கண்டது தமது இருபத்திரண்டாம் வயதில், 1929ஆம் ஆண்டுக் கோடையில், வூட்ஸ் ஹோல் ஆய்வுநிலையத்துக்குச் சென்றபோதுதான். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேற்கொண்டு படிக்கக் குடும்பநிலை இடங்கொடுக்கவில்லை. 1935இல் தந்தை இறந்தார். 1937இல் தமக்கை இரு பெண்பிள்ளைகளை விட்டு மறைந்தார். தாயாரையும் அப்பிள்ளைகளையும் தாங்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் வானொலி உரைகள் எழுதும் வேலை கிடைத்தது. பின்னர் நிரந்தர உத்தியோகமாயிற்று. பகலில் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களைத் திருத்துவார். இரவில் தம் நூலை எழுதுவார். 1941இல் வெளியான முதல் நூல் யுத்த ஆரவாரத்தில் எவர் கண்ணிலும் படாமற் போயிற்று. 1951இல் வெளியான இரண்டாவது நூல், நம்மைச் சூழ்ந்துள்ள கடலைப் பற்றியது, எண்பத்தாறு வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. அடுத்த ஆண்டு தேசியப் புத்தகப் பரிசு கிடைத்தது. உத்தியோகத்தை விட்டு விலகி, மெயின் மாநிலக் கடற்கரையில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார்.

அத்துடன் அவர் கடலையே எழுதிக்கொண்டு இருந்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிரார்.

ஆனால் டீ.டீ.ரீ. என்னும் மருந்து அவர் மனத்தை நெடுங்காலமாக உறுத்தி வந்தது. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் சுவிற்சலாந்து விஞ்ஞானி போல் முல்லர் கண்டறிந்தார். 1948இல் நொபெல் பரிசும் பெற்றார். யுத்தகாலத்தில் அது பேன்காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்கிற்று. யுத்தம் முடிந்ததும் அம்மருந்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வந்தது. 1945இலேயே அதன் பின்விளைவுகள் குறித்துக் கட்டுரை எழுதித் தருவதாக அம்மையார் ஒரு பெரிய சஞ்சிகைக்கு எழுதினார், அவர்கள் விரும்பவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மரந்தின்னும் அந்துப்பூச்சியை ஒழிப்பதற்காக நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் விமானங்கள் எண்ணெயிற் கரைத்த டீ.டீ.ரீ.யை வீடு, தோட்டம், குளம் என்று பாராமற் பொழிந்தன. குடியானவர் சிலர் வழக்குத் தொடர்ந்து தோற்றனர். 1958 ஜனவரியில் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து ஓல்கா ஹக்கின்ஸ் என்ற சிநேகிதி, தம் வளவிலிருந்த பறவைகள் மருந்து விமானம் போன மறுநாள் செத்துக் கிடந்த செய்தியை எழுதினார். வேறெவரேனும் இதை எழுதமாட்டார்களா என்று சில காலம் தேடிப் பார்த்து, எவரும் அகப்படாமையால் தாமே எழுதத் துணிந்தார். அந்த ஆண்டின் இறுதியில் தாயார் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலே, தமக்கையின் மகளொருத்தி இறந்தமையால் அவளுடைய ஐந்து வயது மகனைத் தாமே தத்தெடுத்திருந்தார். ஐம்பது வயதில், மணமாகாத ஒருவர், சிறுபிள்ளையொன்றை வளர்த்துக்கொண்டு, இரசாயனக் கைத்தொழில் முழுவதையும் எதிர்க்கப் புறப்பட்டார் என்பதை வாசகர் மனங்கொள்ளவேண்டும்.

நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1962 ஜூனில் நியூ யோர்க்கர் சஞ்சிகையில் தொடராகவும், செப்ரெம்பர் 27ஆந் திகதி நூலாகவும் மௌன வசந்தம் வெளியாயிற்று.

இந்நூலைக் கழனிகளைப் பற்றியதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி புல்தரைகளையும் நிழல்மரங்களையும் சாலையோரங்களையும் வீட்டுத் தோட்டங்களையும் பற்றியது. என் மருமகனின் தொழிற்களம் எதுவோ அதுவே அம்மையாரின் களம். மிச்சிகன் அரச சர்வகலாசாலையின் வளவில் வரிசை வரிசையாக எல்ம் மரங்கள் நின்றன. அவற்றைப் பீடித்த நோயை ஒரு வண்டு பரப்பியது. வண்டைக் கொல்ல 1954 முதல் டீ.டீ.ரீ. தெளித்தார்கள். வசந்தம் வந்தது, றொபின் குருவிகளும் வந்தன, வந்தவை புல்தரையில் துடித்து இறந்தன. மருந்து அடித்தது மரத்துக்கு அல்லவா, குருவி எப்படிச் சாகும் என்று எல்லோரும் கேட்டார்கள். இலையுதிர்காலத்தில் மருந்தேறிய இலைகள் உதிர்ந்தன. மண்புழுக்கள் அவ்விலைகளைத் தின்றன. புழு சாகவில்லை, விஷத்தைத் தன் உடலிற் சேமித்து வைத்தது. அடுத்த வசந்தத்தில் குருவி அப்புழுவைத் தின்றது. பெரிய புழுக்கள் பதினொன்று போதும் ஒரு குருவியைக் கொல்ல. பதினொரு புழுக்களை ஒரு குருவி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தின்றுவிடும். பேராசிரியர் ஜோர்ஜ் வலஸ் முதலியோர் கண்டறிந்த இச்சங்கிலியை, பாமரரும் விளங்கும்படி கோத்துக் காட்டியது அம்மையாரின் திறமை. பறவைகளைப் பற்றிய அத்தியாயத்துக்கென எண்ணிய தலைப்பையே பின்னர் நூல் முழுமைக்கும் சூட்டினார்.

கிணறுகளைப் பற்றி அவர் எழுதியதும் எங்கள் கரைக்குப் பொருந்தும். டென்வர் நகருக்கு அண்மையிலிருந்த இராணுவ இரசாயனத் தொழிற்சாலையின் கழிவு, நிலத்தடியாக மைல்கணக்கில் ஊர்ந்து, பல ஆண்டுகளின் பின் விவசாயிகளின் கிணறுகளில் வெளிப்பட்டது. அந்நீரில் 2,4-டி என்ற களைநாசினியும் இருந்தது. அதை அங்கே எவரும் உற்பத்தி செய்யவில்லை. கழிவுக்குளத்தில் வெயிலும் காற்றும் நீருமே அதைச் சமைத்திருந்தன. நமது ஊர்களோ மணற்பாங்கானவை. சில முழம் தோண்டினால் நீர் வரும். முன்வளவுப் புல்லுக்கு அடிப்பதும் பின்வளவுக் கிணற்றில் அள்ளுவதும் ஒரே மணலுக்குள்தான்.

நூலிலே என்னை உறங்கவிடாத பக்கங்கள் வேறு. புளோரிடாவில் இரு சிறுவர் வெறும் சாக்கொன்றைக் கண்டெடுத்து, அறுந்த ஊஞ்சலைச் செப்பனிட அதைப் பயன்படுத்தினர். பரத்தியன் என்னும் மருந்து அடைத்திருந்த சாக்கு அது. இருவரும் இறந்தனர். விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரே இரவில் ஒன்றுவிட்ட சகோதரர்களான இரு பாலகர் மாண்டனர். ஒருவன் தகப்பனார் உருளைக்கிழங்குக்கு அடித்த மருந்துக் காற்று வீசிய முற்றத்தில் விளையாடியவன், மற்றவன் தகப்பனாரின் பின்னே கொட்டிலுக்குள் ஓடித் தெளிகருவியின் முனையைக் கையாற் பிடித்தவன். இன்னொருவர் மருத்துவர், ஓய்வுநேரத்தில் தோட்டம் போடுவதில் ஆசையுள்ளவர். தம் புல்தரைக்கும் செடிகளுக்கும் வாரந்தோறும் டீ.டீ.ரீ.யும் பின்னர் மலத்தியனும் அடித்து வந்தார். சில வேளை கைத்தெளிகருவியால், சில வேளை தண்ணீர்க் குழாயில் மாட்டும் கருவியால். உடுப்பும் தோலும் அடிக்கடி நனையும். ஓர் ஆண்டளவில் திடீரெனச் சரிந்து வீழ்ந்தார். உடற்கொழுப்பிற் பத்து லட்சத்தில் 23 பங்கு டீ.டீ.ரீ. படிந்திருந்தது. நரம்புகள் கெட்டன, தசைகள் சோர்ந்தன, வைத்தியத் தொழிலைத் தொடர்வதே கடினமாயிற்று. படித்த வைத்தியரின் கதியே இதுவென்றால், சோடாப் போத்தலில் வாங்கிய எனக்கு அல்லாஹ் பெரும் கிருபை செய்திருக்கிறான்.

எனக்கு நேர்ந்ததன் காரணமும் அங்கேதான் தெரிந்தது. நரம்பிலிருந்து தசைக்கு ஏவல் கொண்டுசெல்லும் பொருளொன்றைக் காரியம் முடிந்ததும் உடைத்துவிடுவதற்கென உடலில் ஒரு நொதியம் இருக்கிறது. பரத்தியன் வகை மருந்துகள் அந்நொதியத்தை முடக்கிவிடுகின்றன. ஏவல் நிற்காமல் தொடர்கிறது. அதுவே நடுக்கமும் உமிழ்நீரும் சுருங்கிய கண்ணும். வாயாற் குடித்தால் மட்டுமே விஷம் என்று நாம் நம்பியிருந்தோம். தெளிப்பவனுக்குத் தோல்தான் பெரிய வாசல். வெயிலில் வியர்த்த தோல் என்றால் வாசற்கதவும் திறந்தபடி.

புத்தகம் வெளியானதும் எழுந்த புயல் சாமானியமன்று. வெல்சிக்கோல் என்ற கம்பெனி வழக்குத் தொடுப்பதாகப் பதிப்பாளரைப் பயமுறுத்தியது. மொன்சாண்டோ கம்பெனி, மருந்தில்லா உலகம் பூச்சிகளால் அழிவதாக ஒரு கேலிக்கதையை அச்சிட்டுப் பரப்பியது. கலியாணமாகாத ஒருத்திக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்று ஏளனம் செய்தோரும் இருந்தனர். 1963 ஏப்ரலில் தொலைக்காட்சியில் அம்மையாரின் நேர்முகம் ஒளிபரப்பாக இருந்தபோது, விளம்பரம் தந்த ஐந்து கம்பெனிகளில் மூன்று விலகிக்கொண்டன. நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. அடுத்த மாதம் ஜனாதிபதி கெனடியின் விஞ்ஞான ஆலோசகர் குழு வெளியிட்ட அறிக்கை பெரும்பாலும் அம்மையாரின் பக்கமே நின்றது.

அந்நாட்களில் அவர் செத்துக்கொண்டிருந்தார் என்பதை ஊரறியாது. 1960இல் மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது. சிகிச்சை செய்தவர் உண்மையை அவரிடம் மறைத்தார். வேறொரு வைத்தியரிடம் போனபின்னரே நோயின் தீவிரம் தெரிந்தது. கதிர்ச் சிகிச்சையால் முடி உதிர்ந்தது. பொய்முடி தரித்துக்கொண்டு பேட்டியளித்தார். நோயைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாதென்று நெருங்கிய சிலருக்குக் கட்டளையிட்டிருந்தார். தம் நோயின் கசப்பினாலேயே இரசாயனங்களைப் பழிக்கிறார் என்று எதிரிகள் சொல்லிவிடக்கூடாதே என்பதுதான் காரணம். 1963 ஜூன் மாதம் செனற் சபையின் உபகுழுவின்முன் சாட்சியம் அளித்தார். வானிலிருந்து தெளிப்பதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்றார். பிறர் அடிக்கும் விஷம் தன் வீட்டினுள் வராமலிருக்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றார். ஆபத்தை விளங்கிக்கொண்டு, அறிவுறுத்தலைப் பின்பற்றக்கூடியவர்க்கு மட்டுமே இம்மருந்துகளை விற்கவேண்டும் என்றார். மருந்தே வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவர், மெத்தப் படித்தவர், இந்த அம்மையாரால்தான் இலங்கையில் மலேரியா மீண்டு வந்து ஏழைகள் மாண்டனர் என்று என்னிடம் வாதாடினார். வெளிநாட்டுப் புத்தகங்களிலும் இலங்கையின் பெயரைச் சொல்லியே இக்குற்றத்தைச் சுமத்துகிறார்கள். என் மனம் குழம்பிப் போயிற்று. 1934, 1935ஆம் ஆண்டுக் கொள்ளையில் இந்நாட்டில் எண்பதினாயிரம் பேரளவில் மடிந்தார்கள் என்பதை உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சுவருக்கு மருந்தடித்துப் போனவர்களின் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற வெண்திட்டு நினைவிருக்கிறது. அந்த வெண்திட்டு உயிர்காத்தது. ஆகவே உண்மையைத் தேடிப் படித்தேன். டீ.டீ.ரீ. தெளிப்பு 1940களின் நடுவில் தொடங்கியது. 1963இல் நோயாளர் தொகை நாடு முழுவதற்கும் 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று கருதி, 1964இல் தெளிப்பைத் தளர்த்தினார்கள். எந்தப் புத்தகத்துக்கும் பயந்தன்று. 1969இல் நோயாளர் ஐந்து லட்சத்தைத் தாண்டினர். மீண்டும் டீ.டீ.ரீ.யை எடுத்தார்கள், நுளம்போ அதற்குப் பழகிவிட்டிருந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. கண்டபடி தெளித்தால் பூச்சி மருந்துக்குப் பழகிவிடும், பின்னர் நோய் தடுக்கவும் மருந்து உதவாது என்று மௌன வசந்தத்தில் தனியாக ஓர் அத்தியாயமே இருக்கிறது. அமெரிக்கா தன் நாட்டில் டீ.டீ.ரீ.யைத் தடைசெய்ததோ 1972இல். நண்பரிடம் திகதிகளை வரிசையாக எழுதிக் காட்டினேன். அவர் பேச்சை மாற்றினார். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தபோது அவரே எனக்குத் தொலைபேசியில் அச்செய்தியைச் சொன்னார்.

நம் நாட்டின் உண்மையான துயரம் வேறிடத்தில் இருந்தது. 1975 முதல் 1980 வரை ஆண்டொன்றுக்குச் சராசரி 13,000 பேரளவில் பூச்சிநாசினி நஞ்சேறி வைத்தியசாலைகளில் சேர்ந்ததையும், அவர்களில் ஆயிரம்பேரளவில் இறந்ததையும் மருத்துவப் பேராசிரியர் ஜெயரத்தினம் முதலியோர் 1982இல் உலகுக்கு எடுத்துக்காட்டினர். பெரும்பாலானவை ஒருகணக் கோபத்தில் குடித்தவை. கைக்கெட்டும் மூலையில் போத்தல் இருந்தது. தொழிலிடை நஞ்சேறியவரும் அவர்களுள் இருந்தனர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பூச்சிநாசினிகளுக்கென ஒரு பதிவாளரை நியமித்தது. 1984இல் பரத்தியனும், 1995இல் மிகக்கொடிய வகையில் எஞ்சியிருந்தவையும், 1998இல் என்டோசல்பனும் விலக்கப்பட்டன. தற்கொலை மரணங்கள் பெருமளவில் வீழ்ந்தன. எனினும் கடையில் இன்று கிடைப்பவை பாலும் தேனும் அல்ல. தமிழிலும் அச்சிட்ட பெயர்ச்சீட்டு இன்று போத்தலில் ஒட்டியிருக்கிறது. அதன் எழுத்தோ என் கண்ணாடிக்கும் அகப்படாத பொடி. பொடியெழுத்து எச்சரிக்கையைப் பற்றி அம்மையார் அன்றே முறையிட்டிருக்கிறார்.

1964 ஏப்ரல் 14ஆந் திகதி, மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் ஸ்பிறிங்கிலுள்ள தமது இல்லத்தில் அம்மையார் மறைந்தார். வயது ஐம்பத்தாறு. சாம்பலில் ஒரு பாதி தாயாரின் அருகே புதைக்கப்பட்டது; மறுபாதியை உயிர்த்தோழி டொரதி பிறீமன், அவர் நேசித்த மெயின் கடற்பாறைகளில் அலையோடு சேர்த்தார். 1980இல் ஜனாதிபதி காட்டர் நாட்டின் அதியுயர் குடிமக்கள் விருதை அவர் பெயருக்கு வழங்கினார்.

மருமகன் இந்தக் கதையை இடையிடாமற் கேட்டார். ஊஞ்சற் சாக்கைச் சொன்னபோது எழுந்துபோய், பேத்தி விளையாடும் பிளாஸ்ரிக் வாளியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். அது வெறும் வெண்பூச்சு வாளிதான். மறுவாரம் முழங்கை வரை நீண்ட கையுறை வாங்கினார். தெளிகருவியின் மூடிக்குப் புது வளையம் போட்டார். காற்றெழுமுன் சுபஹு தொழுத கையோடு வேலைக்குப் போகத் தொடங்கினார். கோழிக்கூட்டின் பின்புறம் அவருடைய வேலைச்சட்டைக்கென ஒரு தனி ஆணி அடித்திருக்கிறோம். அதை மகள் மற்ற உடுப்போடு சேர்க்காமல் வேறாகத் துவைக்கிறாள். சவர்க்காரம் போட்டுக் குளித்த பின்னரே அவர் பிள்ளையைத் தூக்குகிறார். வெற்றுப் போத்தலை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, போத்தலை ஓட்டையிட்டு விடுகிறார். முகக்கவசம் மட்டும் இன்னும் ஆகவில்லை. இந்த வெயிலில் மூச்சுமுட்டுகிறதாம். அதைப்பற்றித் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.